முன்பணம் கொடுக்கும் முன் குதிரையின் காலைப் பாருங்கள்

"நேத்து சாயங்காலம் நல்லாத்தான் சார் ஓடிச்சு."

பாகூர் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நின்று இதைச் சொன்ன தம்பி, முந்தைய நாள்தான் தரகர் மூலம் அந்த வெள்ளைக் குதிரையை வாங்கியிருந்தார். இப்போது அது முன்னங்கால்களை ஊன்றவே தயங்கியது. குளம்பில் கை வைத்தேன், சுட்டது. கணுவின் பின்புறம் விரல் வைத்தால் நாடி துள்ளுகிறது. குளம்பைச் சுற்றி வளையம் வளையமாகப் பழைய வரிகள். ஒரே ராத்திரியில் வந்த நோவில்லை இது. வலி ஊசி போட்டு ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும். மருந்தின் வேகம் இறங்கியதும் வலி வெளியே வந்துவிட்டது.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் கால்நடை மருத்துவராக நான் பார்த்தவரை, குதிரை வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது சுழி, அதாவது உடம்பில் முடி சுழன்று வளர்ந்திருக்கும் இடம். அது அவரவர் நம்பிக்கை, நான் குறுக்கே நிற்பதில்லை. அந்த நேரத்தில் பாதியைக் காலுக்கும் குளம்புக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓட்டிக் காட்டினால் போதாது, குளம்பு வலி மணலில் மறைந்துவிடும். தார் ரோட்டிலோ சிமெண்ட் தரையிலோ, கயிற்றைத் தளரப் பிடித்து நேராக ஓடவிடுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே போகும். நல்ல கால் ஊன்றும்போது கீழே இறங்கும். இதைப் பார்க்க டாக்டர் வேண்டியதில்லை.

தலையைத் தொங்கப்போட்டு, கீழுதடு தளர்ந்து, யார் தொட்டாலும் அசையாமல் நிற்கும் குதிரையை "ரொம்பச் சாது" என்று நம்பிவிடாதீர்கள். மயக்க ஊசி போட்டாலும் அப்படித்தான் நிற்கும். ஓரிரு நாள் கழித்து, சொல்லாமல் போய் இன்னொரு தடவை பாருங்கள். சில வலி மருந்துகள் அதற்குப் பிறகும் வேலை செய்யும். அதனால் பெரிய தொகை என்றால், மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பரிசோதிக்க, பணம் கைமாறும் முன்பே ரத்தம் எடுத்து வைத்துவிடுவது நல்லது.

வயதைப் பல் சொல்லும். கீழ்வரிசையில் நடு ஜோடிப் பல்லின் குழி சுமார் 6 வயதில் மறையும், அடுத்த ஜோடியில் 7, ஓரப் பல்லில் 8. மேல்வரிசை ஓரப் பல்லில் நீளமாக ஒரு கோடு இறங்கியிருந்தால் குதிரைக்குப் பத்து வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு நொண்டலை விடப் பெரிய பயம் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய். மூக்கில் கெட்டியான சளி, மூக்குக்குள் புண், தோலில் கட்டி உடைந்து வடிதல் எல்லாம் அதன் அடையாளம். வெளியே எதுவும் தெரியாமலும் ஒரு குதிரை இதைச் சுமந்து திரியும். மனிதருக்கும் தொற்றும், உயிரைக் கூட எடுக்கும். தடுப்பூசி கிடையாது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் இது. உறுதியானால் குதிரையைக் கருணைக் கொலை செய்வதைத் தவிர வழியில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் பல ஊர்க் குதிரைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து வந்தாலும் சரி, அடுத்த தெருவிலிருந்து வந்தாலும் சரி, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனி. பிள்ளைகளை மூக்கருகே விடாதீர்கள்.

லாரியில் ஏற்றும் முன், பயணம் செய்யத் தகுதி உண்டு, தொற்று நோய் இல்லை என்ற மருத்துவச் சான்று வேண்டும். விலங்குகளை வண்டியில் கொண்டுபோவதற்கான 1978ஆம் ஆண்டு விதியே அப்படித்தான் சொல்கிறது.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உதைக்கும், கடிக்கும் என்றால் சொல்லிவிடுங்கள். ஏறி உட்காரப் போவது யார் வீட்டுப் பிள்ளையோ. கைமாறும்போது நிறம், உயரம், தழும்பு எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சுழி எங்கெங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள், பிறந்ததிலிருந்து மாறாத அடையாளம் அது.

அந்தத் தம்பியின் குதிரையை இப்போதைக்கு ஓட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கொள்ளு கொடுப்பதை நிறுத்தி, வெறும் காய்ந்த புல். அதையும் மணலில் கொட்டியிருந்தார். புல்லோடு மணலும் குடலுக்குள் போனால் வயிற்றுவலியில் குதிரை புரளும் என்றேன். ஓடிப்போய் வீட்டிலிருந்து ஒரு பழைய சிமெண்ட் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.