வெல்டிங் பட்டறையில் இரண்டு ஏர்த்

பெரும்போக உழவு நெருங்கும்போது பரந்தனிலிருந்து மாங்குளம் வரை ஏ-9 வீதியோரப் பட்டறைகளில் உழவு இயந்திர இரும்புச் சில்லுகள் குவியும். சேற்றில் சுழன்று தேய்ந்து, ஒட்டு விட்டுப்போன சில்லுகள். வேலைக்காரர் ஹோல்டரில் கூர் (வெல்டிங் குச்சி) ஒன்றை மாட்டிக்கொண்டு "ஏர்த்தைக் கொழுவு" என்பார். உதவிக்கு நிற்கும் பொடியன் மெசினிலிருந்து வரும் மற்றத் தடித்த வயரின் கிளாம்பைச் சில்லில் கடிக்க விடுவான். பெயர்தான் ஏர்த். அந்தக் கிளாம்புக்கும் நிலத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தப் பெயர்க்குழப்பம் பட்டறையில் பல கோளாறுகளுக்கு வேராக இருக்கிறது.

வெல்டிங் மெசின் வீட்டுக் கறண்டின் 230 வோல்ற்றைக் குறைத்து, அதற்கு ஈடாக அம்பியரைக் கூட்டித் தருகிறது. கூர் இரும்பைத் தொடுமுன் அதன் நுனியில் 60 முதல் 80 வோல்ற்று நிற்கும். தொட்டு இழுத்து வில் (கூருக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறி) பிடித்தவுடன் அது 25 வோல்ற்றளவுக்கு இறங்கிவிடும். 100 அம்பியரில் 24 வோல்ற்று என்றால் 2.4 கிலோவாற்று. அவ்வளவு வெப்பமும் ஓர் உழுந்தளவு இடத்தில் இறங்குகிறது. வில்லின் சூடு 6,000 பாகை செல்சியசை எட்டும். இரும்புக்கு 1,500 போதும். கூரின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகி, உருகிய இரும்பைக் காற்றுத் தொடாமல் மூடுகிறது. பிறகு கசடாகப் படிந்து, ஆறும்வரை போர்வையாக இருக்கிறது.

இந்த 100 அம்பியரும் ஹோல்டர், கூர், வில், இரும்பு, கிளாம்ப் என்று ஓடி மெசினுக்கே திரும்பவேண்டும். உள்ளே இருக்கும் நிலைமாற்றியில் (ட்ரான்ஸ்போமரில்) சுவர்க் கறண்ட் வரும் சுருளையும் கூருக்குப் போகும் சுருளையும் காந்தப்புலம் மட்டுமே இணைக்கிறது. கம்பி எதுவும் இணைப்பதில்லை. ஆகவே கிளாம்ப் வயரைத் திரும்பு வயர் என்பதுதான் சரி. உண்மையான ஏர்த், மெசினின் உடம்பிலிருந்து பச்சை-மஞ்சள் நிறத்தில் போகும் புவிக்கம்பி.

திரும்பு வழி சரியில்லாவிட்டால் கறண்ட் தானே ஒரு வழி தேடும். உழவு இயந்திரப் பெட்டியின் கொழுக்கியில் கிளாம்பைக் கடிக்கவிட்டு, சில்லுப் பக்கம் ஒட்டினால் 100 அம்பியரும் பேரிங்கின் குண்டுகள் வழியே போகும். குண்டும் வளையமும் ஊசிமுனையளவில்தான் தொட்டுக்கொள்கின்றன. அந்த இடத்தில் சிறு பொறி விழுந்து குழி விழும். அன்று ஒன்றும் தெரியாது. சில கிழமைகளில் சில்லு முனகத் தொடங்கும். இதைவிட மோசமானது, இரும்பு மேசையில் ஏர்த் உள்ள டிரில்லைச் செருகியபடியே விட்டிருப்பது. கிளாம்ப் கழன்றாலோ பெயின்ற்றின் மேல் கடித்தாலோ, மெசினுக்குள்ளோ வயரிலோ இன்னொரு கசிவும் இருந்தால், வெல்டிங் கறண்ட் டிரில்லின் மெல்லிய புவிக்கம்பியில் ஏறி அதை எரித்துவிடும். அதன்பின் அந்த டிரில்லுக்கு ஏர்த் இல்லை. அது யாருக்கும் தெரியவும் தெரியாது.

கிளாம்ப் கடிக்கும் இடத்தைக் கறளும் பெயின்ற்றும் போக மினுங்கும்வரை அராவவேண்டும். ஒட்டும் துண்டிலேயே, ஒட்டிலிருந்து ஒரு முழத்துக்குள் அது இருக்கவேண்டும். நடுவில் பேரிங், சங்கிலி, பிணைச்சல் எதுவும் வரக்கூடாது. உழவு இயந்திரத்தில் ஒட்டுவதானால் முதலில் பற்றரியின் மறை முனையைக் கழற்றவேண்டும். இல்லாவிட்டால் ஓல்ற்றனேற்றரின் டயோட்டுகள் போய்விடும்.

இனி உண்மையான ஏர்த். மின்சார சபையின் சாதாரண இணைப்பில் உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும்தான் வருகின்றன. புவித்தொடுப்பை நம் நிலத்தில் நாமே கொடுக்கவேண்டும். மாரியில் ஈரமாக இருக்கும் வன்னியின் செம்மண் கோடையில் கல்லாக இறுகிவிடும். தடை பல மடங்கு ஏறும். நிலத்தில் அடித்த கம்பியின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மெசினுக்குள் உயிர்க்கம்பி உரிந்து உடம்பில் தொட்டால் 230ஐ 50ஆல் வகுக்க 4.6 அம்பியர்தான் நிலத்துக்குப் போகும். 32 அம்பியர் பிரேக்கர் அதைக் கவனிக்கவே கவனிக்காது. உடம்பு முழுக்க 230 வோல்ற்றோடு மெசின் அமைதியாக நிற்கும்.

இங்கேதான் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் உயிர் காக்கிறது. போகும் கறண்டும் திரும்பும் கறண்டும் சமமா என்று அது ஒப்பிடுகிறது. வித்தியாசம் 30 மில்லிஅம்பியரை எட்டினால் வினாடியில் பத்தில் மூன்று பங்குக்குள் துண்டிக்கிறது. இன்வேர்ட்டர் மெசினுக்கு (மின்பலகையால் இயங்கும் புது வகை) 'ஏ' வகை ட்ரிப் சுவிட்சே பொருந்தும். அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேரே இணைப்பது மன்னிக்க முடியாத வேலை. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். புவிக்கம்பியின் இறுக்கி பச்சை பூத்திருந்தால் சுரண்டி இறுக்குங்கள். கோடையில் தடை ஏறினால் 3 மீற்றர் தள்ளி இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் இணைக்கலாம்.

ஆனால் ஒன்று: கூரின் பக்கத்து 80 வோல்ற்று உடம்பில் ஏறினால் இந்தச் சுவிட்ச் விழாது. அந்தச் சுற்று தனியானது என்று மேலே சொன்னோம். அங்கே காவல் காய்ந்த கையுறையும் காய்ந்த சப்பாத்தும் காலடியில் ஒரு பலகையும்தான். வியர்வையில் நனைந்த தோலின் தடை வெகுவாக இறங்கிவிடும். கூர் மாற்றும் நேரத்தில் ஹோல்டரைக் கமக்கட்டில் செருகும் பழக்கம் ஆளைக் கொல்லும். அந்த வழியில் கறண்ட் நெஞ்சுக்குள்ளால் போகிறது. பழைய மெசின் வாங்கினால் 500 வோல்ற்று மெகரால் (காப்புத் தடை அளக்கும் கருவி) இரு சுருள்களுக்கும் இடையே 5 மெகா ஓமுக்குக் குறையவில்லை என்று பார்ப்பித்த பின்பே செருகவேண்டும்.

எவ்வளவு கறண்ட் இழுக்கும்? ஒரே 100 அம்பியர் ஒட்டுக்குப் பழைய செப்புச்சுருள் மெசின் 75 வோல்ற்று கணக்கில் 7.5 கிலோவோல்ற்று அம்பியர் கேட்கும். அதாவது சுவரிலிருந்து 32 அம்பியருக்குச் சற்று மேல். அதில் மூன்றில் ஒரு பங்களவே வெப்பமாகிறது. இன்வேர்ட்டர் கிட்டத்தட்ட 17 அம்பியரோடு அதே வேலையைச் செய்யும். இரண்டுமே 13 அம்பியர் பிளக்குக்கு மிஞ்சியவை. மீற்றர் பெட்டியிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் வயரில் தனிச் சுற்று இழுத்து, 32 அம்பியர் பிரேக்கரும் நீலநிறத் தொழிற்சாலை பிளக்கும் போடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மெயின் சுவிட்சும் வேண்டும். 30 மீற்றர் நீள 2.5 சதுர மில்லிமீற்றர் எக்ஸ்ரென்சன் வயரில் 32 அம்பியர் ஓடினால் 13 வோல்ற்று வழியிலேயே இறங்கும். 430 வாற்று வயருக்குள் சூடாகும். ஓர் அயன் பெட்டியின் பாதிச் சூடு அது. வயர் சுருளிலேயே கிடந்தால் உறை உருகும்.

முகப்பில் அச்சடித்த 300 என்ற எண்ணைப் பார்த்து மெசின் வாங்காதீர்கள். பின்பக்கத் தகட்டில் 'எக்ஸ்' என்ற எழுத்துக்கு நேரே உள்ள சதவீதத்தைப் பாருங்கள். 160 அம்பியரில் 60 என்றிருந்தால், 40 பாகைச் சூட்டில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் ஒட்டலாம், 4 நிமிடம் ஆறவிடவேண்டும். தகரக் கூரையின் கீழ் ஆடி மாதத்தில் அந்த 40ஐத் தாண்டுவது சாதாரணம். மெசினை நிலத்தில் வைக்காமல், சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளி மேடையில் வையுங்கள். கிரைண்டரின் பொறி மெசினின் பக்கம் போகவே கூடாது. விசிறி அந்த இரும்புத் தூளை உள்ளே இழுத்து மின்பலகையில் படியவைக்கும். இன்வேர்ட்டர்கள் சாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

3.15 மில்லிமீற்றர் கூருக்கு 90 முதல் 130 அம்பியர், 2.5க்கு 60 முதல் 90. இந்த வேலைக்கு 10ஆம் இலக்கக் கண்ணாடி வேண்டும். வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் செய்யாது. நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரியும். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதி, ஆகவே ஒரு மறைப்பு கட்டாயம். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயை ஒட்டினால் வெள்ளைப் புகை வரும். அன்றிரவு குளிரும் காய்ச்சலும் பிடிக்கும், வாயில் உலோகச் சுவை இருக்கும். ஒட்டின் இருபுறமும் ஓர் அங்குலத்துக்குப் பூச்சை அராவி எடுத்து, புகைக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

டீசல் பரலையோ எண்ணெய்த் தாங்கியையோ "கழுவியாச்சு" என்று நம்பி ஒட்டக்கூடாது. மிஞ்சிய ஆவி வெடிக்கும். பழைய இரும்பில் இன்னது என்று தெரியாத துண்டு எதுவும் கிரைண்டருக்கோ வில்லுக்கோ போகக்கூடாது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முற்றாக முடியவில்லை. சந்தேகமான துண்டைத் தொடாமல் விட்டு 119க்கு அறிவியுங்கள்.

பொறி 10 மீற்றர் வரை தெறிக்கும். கிடுகு வேலியும் வைக்கலும் அந்தத் தூரத்துக்கு வெளியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மண். வேலை முடிந்ததும் கூரின் அடிக்கட்டையை ஹோல்டரிலிருந்து எடுங்கள், மெசின் ஆறும்வரை விசிறியை ஓடவிட்டு மெயினை நிறுத்துங்கள், பிறகு அரை மணி நேரம் அங்கேயே நின்று புகை எதுவும் எழுகிறதா என்று பாருங்கள்.