தடித்த செயின் மட்டும் போதாது, தம்பி

பர்கூர் பக்கத்துத் தம்பி ஒருவரின் கார் போன வாரம் ரெக்கவரி வண்டியில் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பெங்களூருவில் வாங்கிய பழைய டர்போ பெட்ரோல் கார். வாங்கிய கையோடு ரீமேப் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிப் பவரைக் கூட்டுவது) செய்திருக்கிறார். பவர் கூடிவிட்டதால் பழைய டைமிங் செயின் (என்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்கவைக்கும் செயின்) தாங்காது என்று யாரோ சொல்ல, இணையத்தில் ‘அப்கிரேடு’ செயின் ஒன்றை வரவழைத்து மாட்டச் சொல்லியிருக்கிறார். மாட்டியது செயினை மட்டும். சூளகிரி மேட்டில் என்ஜின் நின்றுவிட்டது. நின்றதும் விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பேட்டரி சாகும்வரை ஸ்டார்ட் அடித்துப் பார்த்திருக்கிறார்.

ஹெட்டைக் கழற்றினால் வால்வுகள் வளைந்து கிடக்கின்றன. பிஸ்டன் தலையில் பிறை பிறையாக வெட்டு. “செயின் அறுந்துவிட்டதா அண்ணா?” என்று கேட்டார். எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். ஒரு கீறல் இல்லை, புதிதாகவே இருந்தது. செயினை அதன் பாதையில் பிடித்துவைக்கும் பழைய பிளாஸ்டிக் கைடு உடைந்து, அதன் துண்டு செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே சிக்கி, செயின் சில பற்களைத் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டன. அவ்வளவுதான். இப்படி வந்த முதல் வண்டி இதுவாக இருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

“பவர் கூடினால் செயினுக்குச் சுமை கூடும்” என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பைக்கிலிருந்து. பைக்கில் என்ஜினின் மொத்த பவரும் செயின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. காரின் டைமிங் செயினுக்கு அந்த வேலையே கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைத் தப்பாமல் காப்பதுதான் அதன் வேலை. சக்கரத்துக்குப் போகும் பவரில் ஒரு துளிகூட அதன் வழியாகப் போவதில்லை.

அப்படியானால் அதற்குச் சுமை எது? வால்வு ஸ்பிரிங்குகளை அமுக்கும் கேமைச் சுழற்றுவது ஒன்று. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும்) என்ஜின் என்றால் பெரும்பாலும் உயர் அழுத்த எரிபொருள் பம்பும் கேமில்தான் ஓடும், அது இன்னொன்று. க்ராங்கின் அதிர்வும் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக வேகம்: 6000 ஆர்பிஎம் என்றால் க்ராங்க் ஒரு நொடிக்கு 100 சுற்று, கேம் 50 சுற்று. சாதாரண ரீமேப்பில் டர்போவின் அழுத்தமும் டார்க்கும்தான் முக்கியமாகக் கூடுகின்றன. ஸ்பிரிங் பழையதுதான், கேம் பழையதுதான், ரெட்லைனும் (என்ஜின் சுற்றக்கூடிய உச்ச வேகம்) பெரும்பாலும் பழையதுதான். பிறகு செயினுக்கு மட்டும் பெரிதாக என்ன மாறப்போகிறது?

தடித்த செயின் தேவைப்படுகிறவர்கள் உண்டு. லிஃப்ட் அதிகமுள்ள (வால்வை அதிகம் திறக்கும்) கேம் போட்டவர்கள், அதற்காகக் கடினமான வால்வு ஸ்பிரிங் மாற்றியவர்கள், ரெவ் லிமிட்டை உயர்த்தி டிராக்கில் ஓட்டுகிறவர்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இல் வார இறுதியில் ஓசூருக்கும் தொப்பூருக்கும் இடையே பறக்கிறவருக்கு (பறக்காதீர்கள், அது தனிக் கதை) கம்பெனி தரத்துச் செயினே போதும்.

பைக்கிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை மட்டும் யாரும் கற்றுக்கொள்வதில்லை. பைக் கடையில் யாராவது செயினை மட்டும் கேட்பார்களா? செயின் ஸ்ப்ராக்கெட் செட் என்றுதான் கேட்பார்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் இரண்டும் சேர்ந்து பாழாகும் என்று எல்லோருக்கும் தெரியும். காருக்கு வந்ததும் அந்த அறிவு எங்கே போய்விடுகிறதோ.

செயின் இரும்பு, அது நீளாது என்பார்கள். இரும்பு நீளவில்லை, கண்ணிகளைக் கோக்கும் பின்கள் தேய்கின்றன. ஒரு பின்னில் 0.02 மில்லிமீட்டர் தேய்மானம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கே தெரியாது. 140 கண்ணிகளுக்குக் கணக்குப் போட்டால் 2.8 மில்லிமீட்டர். அந்தத் தளர்வை ஏற்றுக்கொள்வது, செயினைத் தள்ளி இறுக்கமாக வைக்கும் டென்ஷனர். பெரும்பாலானவை ஆயில் அழுத்தத்தில் வேலை செய்பவை. சில என்ஜின்களில் கவரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றி டார்ச் அடித்தால் டென்ஷனர் எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணிவிடலாம். கடைசிப் பல் வரை வந்துவிட்டதென்றால் அதற்கு மேல் தள்ள அதனிடம் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

அந்தத் தம்பியின் காரில் வேலை எப்படி நடந்தது என்று விசாரித்தேன். முன்கவரைக் கழற்றாமல், பழைய செயினை ஓரிடத்தில் வெட்டி, அதன் முனையில் புதுச் செயினைக் கோத்து இழுத்து, ரிவெட் அடித்து முடித்திருக்கிறார்கள். சில என்ஜின்களில் உரிய கருவியோடு செய்யத்தக்க முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கைடுகளைக் கண்ணால் பார்க்காமலேயே வேலை முடிந்துவிடுகிறது. சூட்டில் வெந்து காப்பிப் பொடி நிறத்துக்கு வந்த கைடு, நகத்தால் தட்டினாலே விரிசல் காட்டும். அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் என்னென்ன கழற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

மாற்றுவது என்று முடிவு செய்தால் செயின், கைடுகள், டென்ஷனர், ஸ்ப்ராக்கெட்டுகள், முன் ஆயில் சீல் எல்லாம் ஒன்றாக வாங்குங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளைத் துடைத்துத் திரும்பப் போடாதீர்கள். பல என்ஜின்களில் க்ராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீ (அது தண்டில் நழுவாமல் பிடிக்கும் ஆப்பு) கிடையாது. போல்ட்டின் பிடியில்தான் நிற்கிறது. லாக்கிங் டூல் (க்ராங்கையும் கேமையும் அசையாமல் பூட்டும் கருவி) போடாமல் அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் அங்கேயே போய்விடும். பெயின்ட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். டார்க் ரென்ச், கோண அளவு இரண்டும் இல்லாத இடத்திலும் வேண்டாம்.

என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள். உடைந்த கைடின் துணுக்குகள் அங்கேதான் போய் விழும். கவருக்குப் பூசும் சிலிக்கானைத் தாராளமாக அப்பினால் பிதுங்கிய பகுதியும் உதிர்ந்து அங்கேதான் போகும். இரண்டும் ஆயில் ஸ்ட்ரெய்னரை (உறிஞ்சும் வாயிலுள்ள வலை) அடைத்தால் புது டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் கிடைக்காது.

மாட்டி முடித்து டென்ஷனரை அமுக்கிப் பிடித்திருக்கும் பூட்டுப் பின்னை உருவிய பிறகு, என்ஜினைக் கையால் அதன் ஓட்டத் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். செயினின் வண்ணக் கண்ணிகள் இப்போது மார்க்குக்கு நேராக வராது. தொழில் பழகும் பையன்கள் இதைப் பார்த்துப் பதறிப்போய் எல்லாவற்றையும் திரும்பக் கழற்றுவார்கள். ஸ்ப்ராக்கெட்டிலும் பிளாக்கிலும் உள்ள மார்க், லாக்கிங் டூல் இவைதான் கணக்கு. வண்ணக் கண்ணி முதலில் மாட்டுவதற்கு மட்டும்.

ஆயிலைப் பற்றி எத்தனை முறை சொல்வது? டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜினில் புகைக்கரியும் பெட்ரோலும் ஆயிலில் கலந்து பின்களை அரிக்கும். புத்தகத்தில் 15,000 கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் ரீமேப் செய்த வண்டிக்கு 7,500-இல் மாற்றிவிடுங்கள். ரீமேப்புக்கும் புது அலாய் வீலுக்கும் பேரம் பேசாதவர்கள் ஆயிலுக்கு மட்டும் என்னிடம் பேரம் பேசுகிறார்கள். கம்பெனி சொன்ன தரத்து ஆயிலைத் தயவுசெய்து ஊற்றுங்கள்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி கரகரவென்று சத்தம் வந்து நின்றால் அது எச்சரிக்கை. சத்தம் நிற்காமல் தொடர்ந்தாலோ, கேம் க்ராங்க் பொருத்தம் தவறியதைச் சொல்லும் பி0016 கோடு வந்தாலோ வண்டியை ஓட்ட வேண்டாம், ஏற்றி அனுப்புங்கள். முதல் வகை என்றால், ஓசூரிலிருந்து 50 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினால் எனக்கு எதுவும் கேட்காது, என்ஜின் சூடாக இருக்கும். முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் ஸ்டார்ட்டை மறுநாள் காலையில் நானே செய்துகொள்கிறேன்.