டிரையல் ரூமில் அட்டைப்பெட்டி: பெரிய கடைகளில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தரும் உரிமைகள்

நண்பர் ஒருவருடன் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிருந்தேன். அவர் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். வாசலில் சாய்தளம் இருந்தது, லிஃப்டும் வேலை செய்தது. சட்டையைப் போட்டுப் பார்க்கலாமென்று போனால், சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய அந்த அகலமான டிரையல் ரூமுக்குள் அட்டைப்பெட்டிகள், கை கழன்ற ஒரு பொம்மை, வாளி, துடைப்பம். ஊழியர் என் பக்கம் திரும்பி, "சாருக்கு என்ன சைஸ்?" என்று கேட்டார். அந்தச் சார் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். "வீட்ல போட்டுப் பாருங்க, பத்தலைன்னா வந்து மாத்திக்கலாம்" என்று சிரித்த முகத்தோடு வேறு சொன்னார். கோபப்படவும் வழியில்லாத அளவுக்கு நல்ல மனிதர்.

வெளியே வந்ததும் நண்பர் சொன்னது இது: "கடைக்காரங்க மனசு வச்சா செய்யறாங்க. இதையெல்லாம் கேட்டா வாங்க முடியும்?"

முடியும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் இதற்கான சட்டம், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கான விதிகள் அதே ஆண்டு ஜூன் 15 அன்று வந்தன. முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் பட்டியலில் இருந்தன. புதிய சட்டத்தில் 21. ஆட்டிசம், அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்கள், பார்க்கின்சன் நோய் எல்லாம் இதில்தான் உள்ளே வந்தன.

"அதெல்லாம் அரசு ஆபீசுக்குத்தானே, தனியார் கடைக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பவர்கள் நிறைய. சட்டத்தின் 2ஆம் பிரிவு சொற்களுக்கு விளக்கம் தருகிற இடம். வேலைவாய்ப்பு இட ஒதுக்கீட்டைத் தேடி வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் பதில் அங்கேதான் இருக்கிறது. 'பொதுக் கட்டடம்' என்றால் அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் என்கிறது அது. வணிகத்துக்கான கட்டடங்களையும் சேர்த்தே சொல்கிறது. 'பொது வசதிகள், சேவைகள்' என்ற விளக்கத்தில் வங்கி, மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றின் வரிசையில் ஷாப்பிங்கும் இருக்கிறது. அந்தச் சொல்லே இருக்கிறது! ஆக, கடை தன் சொந்த இடம், தன் இஷ்டம் என்று உரிமையாளர் சொல்ல முடியாது. பொதுமக்களுக்காகக் கதவைத் திறந்தால் சட்டமும் கூடவே உள்ளே வந்துவிடும்.

இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 40 சதவீதம் குறைபாடு உண்டு என்ற சான்றிதழ் இல்லாவிட்டால் இதெல்லாம் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். இட ஒதுக்கீடு போன்ற சிலவற்றுக்குத்தான் அந்த 40 சதவீதக் கணக்கு. தடையில்லாமல் நடமாடவும் பாகுபாடு இல்லாமல் நடத்தப்படவும் அந்த அளவுகோல் தேவையில்லை. சாய்தளத்தில் ஏறுவதற்கு அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால், "எதுக்கு?" என்று தாராளமாகத் திருப்பிக் கேட்கலாம்.

சரி, கடையின் கடமை என்ன? 44, 45, 46 என்று அடுத்தடுத்து மூன்று பிரிவுகள். புதிதாகக் கட்டுவது என்றால், அணுகல் விதிகளுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் வந்துபோக வகைசெய்யும் விதிகளுக்கு, ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது. கட்டி முடித்தாலும் விதிப்படி இல்லையென்றால் நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது, குடிபுகவும் விடக்கூடாது. இது 44. ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்பது 45. சேவை தருகிறவர்கள், அரசானாலும் தனியாரானாலும், தங்கள் சேவையை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்பது 46. விதிகள் வந்தது 2017 ஜூனில். இரண்டு ஆண்டுக் கெடு 2019இலும் ஐந்து ஆண்டுக் கெடு 2022இலும் முடிந்துவிட்டன.

பிறகு ஏன் பாதிக் கடைகளில் இன்னும் படிக்கட்டுதான்? அதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று சட்டத்துக்குள்ளேயே இருந்தது.

சட்டம் 'விதி போடுங்கள், மீறினால் தண்டியுங்கள்' என்று கறாராகத்தான் சொன்னது. ஆனால் விதிகளில் 15ஆவது விதி என்ன செய்தது என்றால், பல துறைகள் வெளியிட்ட வழிகாட்டிகளைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. அந்த வழிகாட்டிகளோ பல இடங்களில் 'செய்தால் நல்லது', 'செய்யலாம்' என்ற தொனியில் எழுதப்பட்டவை. செய்யலாம் என்று எழுதியிருந்தால் எந்த ஒப்பந்ததாரர் செய்வார்? ராஜீவ் ரதூரி என்பவர் 2005இல் தொடர்ந்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இந்த 15ஆவது விதி தாய்ச்சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்தது. கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டியவை எவை என்று தனியே பிரித்து மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் கட்டாய விதிகளை மீறினால் நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பது, அபராதம் விதிப்பது போன்ற விளைவுகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிக உபயோகமாகப் பட்டது வேறொன்று. அணுகல் என்பதையும் 'நியாயமான இணக்க ஏற்பாடு' என்பதையும் அது பிரித்துக் காட்டுகிறது. அணுகல் என்பது யாரும் கேட்பதற்கு முன்பே இருக்க வேண்டியது: சாய்தளம், அகலமான கதவு, லிஃப்ட். இணக்க ஏற்பாடு என்பது குறிப்பிட்ட ஒருவர் வந்து, தன் தேவையைச் சொல்லி, அதற்காகச் செய்து தரப்படுவது. உயர ரேக்கில் உள்ளதை எடுத்துக் காட்டுவது, பொட்டலத்தில் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்துச் சொல்வது, நெடுநேரம் நிற்க முடியாதவரை உட்காரவைத்து அவர் முறை வந்ததும் கூப்பிடுவது எல்லாம் இந்த வகை. முதலாவதில் "யாரும் கேக்கலையே" என்ற பதில் செல்லாது. இரண்டாவதில் கேட்க வேண்டும். கடைக்கு அளவுமீறிய சுமை ஆகாதவரை செய்ய வேண்டும். இரண்டே வாடிக்கையாளருக்காக மாடியை இடித்துக் கட்டு என்று இரண்டாவது வகையில் கேட்க முடியாது. ஆனால் இரண்டாவது வகையைக் காட்டி முதலாவதைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. "நாங்க தூக்கிட்டுப் போயிடறோம் சார்" என்று நாலு பேர் ஓடிவருவது சாய்தளத்துக்கு ஈடாகாது. ஒருவரை மூட்டை மாதிரித் தூக்கிப்போவதில் என்ன கண்ணியம்?

இதற்குக் கடை தனியாகக் காசு கேட்கலாமா? கூடாது. இணக்க ஏற்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியையோ முழுவதையோ மாற்றுத்திறனாளியைக் கட்டச் சொல்லி எந்த நிறுவனமும் வற்புறுத்தக்கூடாது என்று 3ஆவது விதியே சொல்கிறது.

அளவுகளைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறது. 2021இல் வந்த ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டி, சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் செங்குத்தாகக் கூடாது என்கிறது. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மூன்று படி என்றால் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். இப்போது நீங்கள் பார்த்த கடைவாசல்களை நினைத்துப் பாருங்கள். மூன்று படிக்கும் சேர்த்து இரண்டு மீட்டரில் ஒரு சறுக்குமரம்! பின்னால் ஒருவர் தள்ளினாலும் ஏறாது; இறங்கும்போது பிடித்து நிறுத்தவும் முடியாது. ஒரு டேப் எடுத்து உயரத்தையும் நீளத்தையும் அளந்து புகைப்படம் எடுத்துவிட்டால், புகார் மனுவில் அதற்கு மேல் ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. கதவின் திறப்பு 90 செ.மீ. இருக்க வேண்டும். காருக்கான ஒதுக்கிடம் 3.6 மீட்டர் அகலம், நுழைவாயிலிலிருந்து 30 மீட்டருக்குள். அந்த அகலம் சக்கர நாற்காலியை இறக்கிப் போட்டு மாறி உட்காருவதற்காக. "இன்னும் நாலு பைக் விடலாமே" என்பதற்காக அல்ல.

அளவில் அடங்காத தடைகளும் உண்டு. கார்டு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் வைத்த மெஷினில் நடு எண்ணில் ஒரு மேடு இருக்கும். பார்வையற்றவர் அதைத் தடவி ரகசிய எண்ணைத் தானே போட்டுவிடுவார். தொடுதிரை மெஷின் வந்தபிறகு விரலுக்குத் தட்டுப்படுவது வழவழப்பான கண்ணாடி மட்டும். கவுண்டரில் இருப்பவர் "நம்பர் சொல்லுங்க, நான் அடிச்சிடறேன்" என்பார், வரிசையில் பின்னால் ஆறு பேர் நிற்க. அவர் யோக்கியராகவே இருக்கட்டும். ரகசிய எண்ணை உரக்கச் சொல்லவைக்கும் ஏற்பாட்டுக்குச் சேவை என்று பெயரா? காது கேளாதவருக்கு இதே கவுண்டரில் வேறு சிக்கல்: தொகை காட்டும் திரை ஊழியர் பக்கமே திரும்பியிருக்கும். திரையைத் திருப்பி வைக்க ஐந்து விநாடி ஆகும், செலவு ஒன்றுமில்லை. தரையில் பதித்த வழிகாட்டும் மேடு ஓடுகளின் மேல் தள்ளுபடிக் கூடையை வைப்பதும் இதே ரகம்தான். வெள்ளைக் கோல் நேராகப் போய்க் கூடையில் இடிக்கும்.

ஆன்லைன் கடைகளுக்கும் இதே சட்டம்தான், சேவை என்ற வகையில். 2025 ஏப்ரல் 30 அன்று வந்த இன்னொரு தீர்ப்பில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது கூறின் கீழ் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு ஆன்லைனில் நடக்கும் வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் (KYC) கேமரா முன் கண் சிமிட்டச் சொல்வது பற்றியது என்றாலும், அந்தக் கோட்பாடு அங்கேயே நின்றுவிடாது.

புகாருக்கு வருவோம். முதலில் கடைக்கே எழுதுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தனியார் நிறுவனம் என்றால், பாகுபாடு பற்றிய புகாருக்கு அதன் தலைவர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது தாங்கள் செய்தது எந்த நியாயமான நோக்கத்துக்காக, எப்படி அதற்குத் தகுந்த அளவில் இருக்கிறது என்று எழுத்தில் விளக்க வேண்டும். டிரையல் ரூமில் அட்டைப்பெட்டி அடுக்கியதற்கு அப்படி ஒரு விளக்கத்தை யாராவது எழுதிக் கொடுத்தால் நானே படிக்க ஆசைப்படுகிறேன். மனுவில் தேதி, நேரம், எந்தத் தளம், என்ன தடை, புகைப்படம், என்ன மாற்றம் வேண்டும் என்று இருந்தால் போதும். "மனிதாபிமானத்தோடு" என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். கருணை கேட்பது போல் ஆகிவிடும்.

அங்கே வேலை ஆகவில்லை என்றால் அடுத்தது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. பாகுபாட்டுப் புகார்களை 60 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. விதிவிலக்கானவற்றில் 30 நாளுக்குள்ளும் முடிக்கலாம். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. ஆனால் அவர் தருவது பரிந்துரை. எந்த அதிகார அமைப்புக்குப் பரிந்துரை போகிறதோ, அது மூன்று மாதத்துக்குள் என்ன செய்தது என்று பதில் சொல்ல வேண்டும். அதனால் மனுவில் கடையின் பெயரோடு நிற்காமல், அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்த உள்ளாட்சி அமைப்பையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது புத்திசாலித்தனம். நிறைவுச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குக் கடிதம் போனால்தான் கடைக்காரர் தொலைபேசியை எடுப்பார்.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். 89ஆவது பிரிவுப்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரை. பெரிய கடைக்கு அந்த முதல் பத்தாயிரம் ஒரு பொருட்டே அல்ல என்பது என் கருத்து. இரண்டாவது தொகைதான் கொஞ்சம் உறைக்கும். பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, மிரட்டுவது வேறு கணக்கு. அதற்கு 92ஆவது பிரிவு: ஆறு மாதத்திலிருந்து ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதமும் சேர்த்து. "இவங்களையெல்லாம் எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க" என்று எல்லார் முன்னும் இழிவுபடுத்துகிறவர் அந்தப் பிரிவை ஒருமுறை படிப்பது நல்லது.

நண்பர் மனு எழுதிவிட்டார். ஒரு பக்கம், இரண்டு புகைப்படம். ஒன்று சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவு, இன்னொன்று அதே கதவு திறந்தபடி. தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்பினார். கடையில் நேரில் கொடுப்பதென்றால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஆணையரிடம் போகும்போது முதலில் காட்ட வேண்டியது அந்த நகலைத்தான்.