ஓடைக்குள் கால் வைக்கும் முன்

நீலகிரியில் ஊட்டி பக்கத்திலுள்ள அவலாஞ்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லியனுப்புவது ஒன்றுதான்: "காட்டுக்குள்ள சத்தம் போடாதீங்க." சரிதான், போடக்கூடாது. ஆனால் நீரோடை உயிரினங்களை ஆராய்வது என் வேலை என்பதால் எனக்கு வேறொரு கவலை. சத்தம் கேட்டு ஓடிய கடமான் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிடும். ஓடைக்குள் இறங்கிய கால்கள் கலைத்தது அவ்வளவு சீக்கிரம் சரியாகாது.

இந்த ஓடைகளில் இருக்கும் டிரவுட் நம் ஊர் மீனே இல்லை. தூண்டில் பிரியர்களான வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. மீன் வளர்ப்பு நிபுணர் ஹென்றி வில்சன் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகமே அமைத்தார்கள். "அந்நிய மீன்தானே, அதுக்கு ஏன் இத்தனை பரிவு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. உள்ளூர்ப் பூச்சிகளையும் தவளைக் குஞ்சுகளையும் தின்கிற மீன் அது. ஆனால் அதற்கு வேண்டிய குளிர்ச்சி, தெளிவு, ஆக்சிஜன் எல்லாம் அந்தத் தவளைகளுக்கும் பூச்சிகளுக்கும் வேண்டியவைதான். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணற ஆரம்பிக்கும். ஓடையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது கரையோரச் சோலை மரங்களின் நிழல். செல்ஃபிக்கு மறைக்கிறது என்று அந்தக் கிளைகளைத்தான் ஒடிக்கிறார்கள்.

தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கல்லை ஆய்வுக்காகத் தூக்கிப் பார்ப்போம். அடிப்புறத்தில் மே ஈ என்ற பூச்சியின் தட்டையான இளம்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றின் இருபக்கமும் செவுள்கள் படபடக்கும். பக்கத்திலேயே மணலை ஒட்டவைத்துச் செய்த சின்னக் குழல் ஒன்று. குப்பை என்று நினைத்தால் அதிலிருந்து ஆறு கால்கள் நீளும். அது கேடிஸ் பூச்சியின் வீடு. பார்த்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் கீழாக வைத்துவிடுவோம். இப்போதைய மோகமோ கற்களைக் கோபுரமாக அடுக்கிப் படம் எடுப்பது. ஒவ்வொரு கல்லோடும் ஒரு குடித்தனம் வெயிலில் காய்கிறது.

டிரவுட் முட்டையிடுவதும் இந்தச் சரளைக்கு நடுவில்தான். 10 டிகிரி நீரில் பொரிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதற்குள் யாராவது மேலே கலக்கினால், வண்டல் படிந்து முட்டைகள் மூச்சு முட்டிச் சாகும்.

சோப்பு, ஷாம்பு கூடவே கூடாது. நுரை செவுளைக் கெடுக்கும். தட்டு கழுவுவதும் அப்படித்தான். அட்டை கடித்தால் உப்பைக் கரையில் கொட்ட வேண்டாம், நகத்தால் நெம்பித் தள்ளினாலே விட்டுவிடும்.

அப்புறம், உள்ளே போவது வனத்துறை வண்டியில்தான். அது நிற்காமல் போகும் இடத்தில் "அண்ணே, ரெண்டே நிமிஷம், ஓடையில கால் நனைச்சிட்டு வந்துடறோம்" என்று ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். காட்டெருமை தண்ணீர் குடிக்க இறங்கும் தடம் எங்கே என்று அவருக்குத் தெரியும்.