கன்டென்ட் ஐடி போட்டாச்சு, ராயல்டி எங்கே?

"பாட்டு யூடியூப்ல நல்லா ஓடுது. டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட கன்டென்ட் ஐடியும் டிக் பண்ணியாச்சு. ஆனா ராயல்டின்னு ஒண்ணும் வரலையே?"

வாராவாரம் வரும் கேள்வி இது. நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எந்த ராயல்டி சங்கத்தில் உறுப்பினர்? பெரும்பாலும் எதிர்முனையில் பேச்சு நின்றுவிடுகிறது. சுயாதீன இசையமைப்பாளர்கள் இதில் இழக்கும் பணத்தைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த டிக்கைப் பற்றிப் பேசிவிடுவோம். பாட்டைத் தளங்களில் கொண்டுசேர்க்கும் நிறுவனம்தான் டிஸ்ட்ரிபியூட்டர். கன்டென்ட் ஐடி என்பது ஒலியை அடையாளம் காணும் யூடியூபின் அமைப்பு. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்டுடியோவில் பதிவு செய்து மிக்ஸ் முடித்துக் கையில் வாங்கிய ஒலிப்பதிவு. மற்றொன்று மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பு. பதிவே செய்யாமல் தாளில் எழுதி வைத்திருந்தாலும் அது படைப்புதான். டிஸ்ட்ரிபியூட்டரிடம் நீங்கள் கொடுத்தது முதலாவதை மட்டும். அந்தக் கோப்பிலிருந்துதான் கன்டென்ட் ஐடி கைரேகை மாதிரி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதே ஒலி எந்த வீடியோவில் வந்தாலும் பிடிக்கிறது. பிடித்த வீடியோவின் விளம்பர வருமானம் ஒலிப்பதிவின் உரிமையாளர் என்ற முறையில் உங்களுக்கு வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேலை அத்தோடு முடிந்தது.

மெட்டு பொதுவெளியில் ஒலிப்பதற்கான கூலி, அதாவது பெர்ஃபார்மென்ஸ் ராயல்டி, வேறு வழியில் போகிறது. வீடியோ தளம் சங்கங்களிடம் உரிமம் வாங்கி அவற்றுக்குப் பணம் கட்டுகிறது. சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இந்தப் பாதையில் டிஸ்ட்ரிபியூட்டர் எங்குமே இல்லை. அங்கே எத்தனை டிக் போட்டாலும் சங்கத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாது.

இன்னும் நம்பிக்கை வரவில்லையென்றால் இப்படி யோசியுங்கள். யாரோ ஒருவர் உங்கள் பாட்டைக் கிட்டார் வைத்துக்கொண்டு பாடி வீடியோ போடுகிறார், அது நன்றாக ஓடுகிறது. உங்கள் ஒலிப்பதிவு அதில் ஒரு நொடிகூட இல்லை. ஒலிப்பதிவின் கைரேகைக்கு அங்கே வேலை இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக உங்களுக்கு ஒரு காசும் வராது. ஆனால் ஒலிப்பது உங்கள் மெட்டு. அதற்கான கூலி உங்களுக்குச் சேர வேண்டியது. சங்கத்தில் பதியாவிட்டால் அதை வாங்க ஆளே இல்லை.

இந்த வேறுபாடு நேற்று வந்ததல்ல. 1847-ல் பாரிஸ் காபி விடுதி ஒன்றில் எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் தம் பாட்டை வாசிக்கக் கேட்டார். வாசித்தவர்களுக்குக் கூலி உண்டு, படைத்தவருக்கு இல்லை. குடித்ததற்குப் பணம் தர மறுத்தார், வழக்காகி வென்றார். அதன் தொடர்ச்சியாக 1851-ல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. அவர் பிரித்துக் காட்டியதைத்தான் இன்னமும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

"என் சேனல்லதான் போட்டேன், ஆட்சென்ஸ் வருதே" என்பவர்களுக்கும் இதே பதில். வழக்கமான நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் கிடைக்கும் 55 விழுக்காடு சேனல் நடத்துவதற்கான பங்கு. மெட்டின் கூலி அதற்குள் அடங்கவில்லை. அமெரிக்காவின் சவுண்ட்எக்ஸ்சேஞ்சில் சேர்ந்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அது இணைய வானொலி போன்றவற்றில் ஒலிப்பதிவுக்கான பணம். அங்கேயே 2021-ல் வேலையைத் தொடங்கிய எம்.எல்.சி. என்ற வசூல் அமைப்பு ஆடியோ ஸ்ட்ரீமிங்கையும் டவுன்லோடையும் பார்த்துக்கொள்கிறது. வீடியோவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சங்கத்தில் சேர்வது கடினமான காரியமில்லை. பெர்ஃபார்மென்ஸ் உரிமைக்கு ஒரு சங்கம் போதும். மற்ற நாட்டுச் சங்கங்களோடு அதற்குப் பரஸ்பர ஒப்பந்தம் இருக்கும். ஒரே உரிமையை ஒரே நிலப்பரப்புக்கு இரண்டு சங்கங்களிடம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டுமே பணத்தை நிறுத்தி வைக்கும். சேர்ந்ததும் ஐ.பி.ஐ. எண் வரும், அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டாலும் நீங்கள் ஒருவர்தான் என்று காட்டுவது அந்த எண். நம் பெயர்களுக்கு இது மிகவும் தேவை. ஆவணத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்போம், பாட்டின் டைட்டிலில் வெறும் இனிஷியல் இருக்கும், சேனலில் புனைபெயர் இருக்கும். புனைபெயரையும் சங்கத்தில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.

சொந்தமாக வெளியிடுபவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல சங்கங்கள் ராயல்டியை எழுத்தாளர் பங்கு, பப்ளிஷர் பங்கு என்று இரண்டாகப் பிரிக்கின்றன. எழுத்தாளர் என்றால் மெட்டோ வரியோ படைத்தவர், பப்ளிஷர் என்றால் படைப்பின் உரிமையை நிர்வகிப்பவர். பப்ளிஷர் இல்லாதவருக்குச் சில சங்கங்கள் முழுவதையும் கொடுக்கும். சில சங்கங்களில் நீங்களே பப்ளிஷராகவும் பதிந்தால்தான் மறுபாதி கிடைக்கும். படைப்பை நகலெடுப்பதற்கான மெக்கானிக்கல் உரிமையையும் உங்கள் சங்கமே பார்க்கிறதா என்றும் கேளுங்கள். பார்க்கவில்லையென்றால் அதற்குத் தனிச் சங்கமோ பப்ளிஷிங் நிர்வாக நிறுவனமோ தேவைப்படும்.

உறுப்பினர் ஆனதோடு படுத்துவிடுகிறார்கள், அடுத்த கோளாறு அதுதான். ஒவ்வொரு படைப்பையும் தனித்தனியாகப் பதிய வேண்டும், அதுவும் வெளியீட்டுக்கு முன்பே. சங்கத்தில் யாரும் உட்கார்ந்து வீடியோ பார்ப்பதில்லை. தளம் அனுப்பும் பயன்பாட்டுப் பட்டியலில் தலைப்பு, பாடியவர், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் இருக்கும். அது பதிவேட்டோடு பொருந்தினால் பணம், பொருந்தாவிட்டால் அந்த வரி அநாதை.

எங்கே பொருந்தாமல் போகிறது? பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் போடும்போது ழகரத்துக்கு ஒருவர் 'இசட் ஹெச்' போடுவார், இன்னொருவர் வெறும் 'எல்' போடுவார். நெடிலுக்கு ஒருவர் இரண்டு 'ஏ', இன்னொருவர் ஒன்று. 'மழை' என்ற இரண்டெழுத்துத் தலைப்பே இப்படி மூன்று நான்கு பாட்டாகிவிடும். பதிவுப் படிவத்தில் மாற்றுத் தலைப்பு என்றொரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். தமிழ் எழுத்தில் ஒன்று, புழக்கத்தில் உள்ள ஆங்கிலக் கூட்டல் ஒவ்வொன்றும், பல்லவியின் முதல் அடி, எல்லாவற்றையும் போடுங்கள். பிறகு ஐ.எஸ்.ஆர்.சி. பன்னிரண்டு இடங்கள் கொண்ட இந்த எண் ஒலிப்பதிவுக்கு உரியது. படைப்புக்கு உரியது 'டி'யில் தொடங்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. ஒரே படைப்புக்குப் பாடிய வடிவம், கருவியிசை வடிவம், மேடைப் பதிவு என்று பல ஐ.எஸ்.ஆர்.சி. இருக்கலாம். அத்தனையையும் அந்த ஒரே படைப்போடு இணைத்துவிடுங்கள்.

பங்கு விழுக்காட்டைப் பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெயர், ஐ.பி.ஐ. எண், சங்கம், விழுக்காடு, தேதி போதும். நீங்கள் எழுபது என்று பதிந்து, பாடலாசிரியர் ஐம்பது என்று பதிந்தால் கூட்டுத்தொகை நூற்றைத் தாண்டும், தகராறு தீரும்வரை இருவருக்கும் பணம் நிற்கும். நண்பர்தானே என்று எழுதாமல் விட்ட ஜோடிகள்தான் பிறகு முகம் பார்க்காமல் போகிறார்கள். தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பின்னணி இசை போடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டு மட்டும்தான் படைப்பு என்று நினைத்து ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசை முழுவதையும் பதியாமல் விடுகிறீர்கள். முப்பது விநாடி வயலின் துணுக்கும் படைப்புதான். வெப் சீரிஸ், ஓ.டி.டி. படம் என்றால் சங்கம் பார்ப்பது கியூ ஷீட்டை, அதாவது எந்த இடத்தில் எந்த இசை எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்ற பட்டியலை. நிரம்பிய ஒரு வரி இப்படி இருக்கும்: கியூ எண் 7, தலைப்பு 'கிணற்றடி', தொடக்கம் 12:04, நீளம் 0:48, பயன்பாடு பின்னணி கருவியிசை, இசையமைப்பாளர் பெயர், ஐ.பி.ஐ., சங்கம், பங்கு 100, பப்ளிஷர் பெயர் அல்லது 'இல்லை'. இதில் தலைப்பு மட்டும் 'சோகம் ஃபைனல் வெர்ஷன் 3' என்று புராஜெக்ட் கோப்பின் பெயராகவே போய், நீங்கள் வேறு பெயரில் பதிந்திருந்தால் தீர்ந்தது. கியூ ஷீட்டைச் சமர்ப்பிப்பது தயாரிப்புத் தரப்பின் வேலைதான். ஆனாலும் ஃபைனல் மிக்ஸ் முடிந்த வாரமே நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்தக் காட்சிக்கு எந்தத் துணுக்கு என்று எவருக்கும் நினைவிருக்காது.

ஒப்பந்தத்தில் 'பை-அவுட்', அதாவது ஒரே தொகைக்கு உரிமை முழுவதையும் வாங்கிக்கொள்வது, என்ற சொல்லைப் பார்த்தால் கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டுங்கள். உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டும் எழுத்தாளர் பங்கைத் தன்னிடம் வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் வழக்கமான ஏற்பாடு. வார்த்தை அதற்கு இடம் தர வேண்டும். இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: 'நிகழ்த்துரிமைச் சங்கத்தின் வழியாக எழுத்தாளர் பங்கைப் பெறும் உரிமை இசையமைப்பாளரிடமே இருக்கும், அதற்காகத் தயாரிப்பாளர் எந்தத் தொகையும் தர வேண்டியதில்லை.' தளங்கள் கட்டும் பணம் அது, தன் பையிலிருந்து போவதில்லை என்று இரண்டாம் பாதி தயாரிப்பாளருக்குப் புரியவைக்கிறது. அதற்கு மேலும் அவர் மறுத்தால், வருங்கால ராயல்டியையும் சேர்த்து உங்கள் சம்பளத்தைக் கணக்கிடுங்கள்.

கன்டென்ட் ஐடியே வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு இடங்களில் அது உங்களையே கடிக்கும். வாடிக்கையாளருக்குப் போட்ட இசையை ஆல்பமாகவும் வெளியிட்டால் அவருடைய சேனலிலேயே கிளெய்ம், அதாவது உரிமைக் கோரல், விழும், விளம்பர வருமானம் திசை மாறும், அடுத்த வேலை உங்களுக்கு வராது. வெளியீட்டுக்கு முன்பே அவருடைய சேனலை டிஸ்ட்ரிபியூட்டரின் விலக்குப் பட்டியலில் ஏற்றுங்கள். மற்றது லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்க விடும் ஆயத்த இசைத் துணுக்கு. சாம்பிள் பேக்கில் வாங்கிய லூப் உங்களுக்கு மட்டும் உரியதல்ல, அதே லூப் ஆயிரம் பேரிடம் இருக்கும். அது தனியாக ஒலிக்கும் டிராக்குக்குக் கன்டென்ட் ஐடி கேட்கவே கூடாது. முன்பின் தெரியாதவர்களின் வீடியோக்களில் எல்லாம் கிளெய்ம் விழுந்து, கடைசியில் உங்கள் கணக்கை மூடுவார்கள்.

பணம் உடனே வராது. இன்று ஓடும் வீடியோவுக்கான வரி உங்கள் ஸ்டேட்மென்டில் ஏற ஆறேழு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். வெளிநாட்டில் பார்த்தவை இன்னும் தாமதமாகும். தொகையும் நாட்டுக்கு நாடு மாறும், வியூஸ் எண்ணிக்கையை ஒரு விகிதத்தால் பெருக்கிக் கனவு காணாதீர்கள். ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத தொகை, வசூலான நிதியாண்டு முடிந்து மூன்று ஆண்டுகளில் பகிர முடியாததாகக் கருதப்படும். விடுபட்டதைக் கேட்க ஒவ்வொரு சங்கமும் தனிக் கெடு வைத்திருக்கிறது, சில இடங்களில் அது மாதக் கணக்குதான். உங்கள் சங்கத்தின் கெடுவை இன்றே பார்த்து நாட்காட்டியில் குறியுங்கள்.

ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் படைப்பு, நாடு, காலம், பங்கு ஆகிய நான்கு பத்திகளையும் விரல் வைத்துப் படியுங்கள். நன்றாக ஓடிய பாட்டு அதில் இல்லையென்றால் சங்கத்துக்கு எழுதும்போது படைப்பின் பதிவு எண், ஐ.எஸ்.ஆர்.சி., வீடியோ இணைப்பு, பதிவேற்றிய தேதி, சேனல் புள்ளிவிவரத்தில் தெரியும் நாடுவாரி வியூஸ் ஆகிய ஐந்தையும் ஒரே கடிதத்தில் வையுங்கள். 'பணம் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களால் தேடவே முடியாது.