இரண்டு பஸ் பிள்ளைகளை ஒரே வீட்டுக்குள் நுழைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே இனாண்டா பக்கம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுவது என் தொழில். 1904-இல் காந்தி தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பில் இருக்கும் அவருடைய வீடுதான் பெரும்பாலும் முதல் நிறுத்தம். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் என்பதால் அந்த ஒரு மாதத்தில் எல்லாப் பள்ளிகளும் ஒன்றாகக் கிளம்புகின்றன. இந்த வருஷமும் அதே கதைதான். இரண்டு பஸ், நூறு பிள்ளைகளுக்கு மேல், கூட வந்தது நாலே நாலு ஆசிரியர்கள். காலை பத்தேகாலுக்கு வந்து இறங்கினார்கள். இறங்கின கையோடு ஓர் ஆசிரியை சொன்னார்: "அக்கா, பதினோரு மணிக்குள்ள முடிச்சுடுங்க. பிள்ளைங்களுக்குக் கடற்கரையில சாப்பாடு சொல்லியிருக்கு."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பஸ் வாடகையைத் தலைக்கு இத்தனை ரான்ட் என்று பங்கிடும்போது கூட்டம் பெருகினால் செலவு குறையும். பள்ளி அதிபர் அப்படித்தான் பார்ப்பார். ஆனால் அந்தக் கணக்கு பஸ்ஸுக்குச் சரி, வீட்டுக்குச் சரிவராது. இதையே ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

என்னை எல்லாவற்றையும்விட வருத்துவது ஒரே ஒரு எண்ணம்: "சின்ன வீடுதானே, இருபது நிமிஷம் போதும்." வீடு சின்னது என்பதால்தான் நேரம் கூடுதலாக வேண்டும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த மாதிரி வீடுகளில் ஓர் அறைக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றாலே நெருக்கம். 108 பிள்ளைகள் என்றால் ஒன்பது குழு. ஒரு குழுவுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தாலும், கடைசிக் குழு உள்ளே வர எண்பது நிமிஷம் வெளியே காத்திருக்க வேண்டும். இருபது நிமிஷத்தில் முடிக்க வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: எல்லாரையும் உள்ளே தள்ளிவிடுவது. அப்படித்தான் நடக்கிறது. முன்னால் நிற்கிற ஆறு பேருக்குச் சுவரில் உள்ள படம் தெரியும். அடுத்த வரிசைக்குத் தலைகள் தெரியும். வாசலில் நிற்கிறவனுக்கு முன்னால் நிற்பவனின் புத்தகப் பைதான் தெரியும். அவன் என்ன செய்வான்? பையின் ஜிப்பைத் திறந்து மூடி விளையாடுவான். அவனை ஆசிரியர் அதட்டுவார். அவன் வீட்டுக்குப் போய், "மியூசியம் போர் அடித்தது" என்று சொல்வான். அவன் சொல்வதில் பிழையே இல்லை.

அதே நாளில் ஒரு பெண்பிள்ளை எழுத்துப் பலகைக்கு முன்னால் நின்று வேலைத்தாளில் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஆண்டு, பெயர், ஊர் எல்லாம் கோடு தவறாமல் அழகாக எழுதியிருந்தாள். "1904-ல இங்க என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். பேனாவை எடுக்காமலே, "எழுதிட்டேன் ஆன்ட்டி, இன்னும் படிக்கல" என்றாள். கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளைக் கொடுத்து அனுப்புகிற ஆசிரியர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளை தாளைத்தான் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை.

"சின்ன வீடுதானே" என்ற எண்ணத்துக்கு ஒரு தங்கை உண்டு: "அது பழைய வீடே இல்லையாமே, திருப்பிக் கட்டினதாமே, பார்க்க என்ன இருக்கு?" உண்மைதான். தகரமும் மரப்பலகையுமாக இருந்த, 'சர்வோதயா' என்ற அந்த வீடு 1985 ஆகஸ்டில் சூறையாடப்பட்டு எரிந்துபோனது. அச்சுக்கூடமும் தப்பவில்லை. பிறகு வீட்டைத் திருப்பிக் கட்டி, 2000-இல் நாட்டின் அப்போதைய அதிபர் தாபோ எம்பெக்கி திறந்து வைத்தார். இன்று உள்ளே படங்களும் எழுத்துப் பலகைகளும்தான் அதிகம். கட்டிலையும் அலமாரியையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் எரிந்ததும் திருப்பிக் கட்டியதும் அந்த வீட்டின் வரலாற்றில் சேர்ந்ததுதான். அதைச் சொல்லாமல் 1904-ஐ மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏற்றினால் பாதிப் பாடம்தான் நடந்திருக்கும்.

என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் பிள்ளைகளிடம் சொல்கிற இரண்டை மட்டும் சொல்கிறேன்.

'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை 1903 ஜூனில் டர்பனில் தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. அடுத்த வருஷம் நூறு ஏக்கர் நிலம் வாங்கி, அச்சுக்கூடத்தையே அங்கே தூக்கிக்கொண்டு போனார்கள். புது இடத்தில் முதல் இதழ் அச்சேற வேண்டிய இரவில் எண்ணெய் இன்ஜின் மக்கர் செய்துவிட்டது. கையால் சுற்றும் சக்கரம் ஒன்றும் இருந்தது, அதற்கு நாலு பேர் வேண்டும். கட்டட வேலைக்கு வந்த தச்சர்கள் அங்கேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பி, எல்லாரும் மாற்றி மாற்றி விடியும்வரை சுற்றினார்கள். காலையில் மறுபடி முடுக்கிப் பார்த்தால் இன்ஜின் ஓடுகிறது! பன்னிரண்டு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்லிவிட்டு, நாலு பேரை எழுப்பிவிட்டுச் சக்கரம் சுற்றுவதுபோல் ஐந்து நிமிஷம் கையைச் சுற்றச் சொல்வேன். தோள் வலித்ததும் புரிந்துவிடும். நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா?

இரண்டாவது, 3 பவுண்டு. பீனிக்ஸில் வேலை செய்தவர்களுக்கு நிறம், நாடு பார்க்காமல் ஆளுக்கு மாதம் 3 பவுண்டு. டர்பன் இருக்கும் அதே நேட்டாலில், ஒப்பந்தக் கூலிக்காலம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிய இந்தியர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். பதினாறு வயதான பையனுக்கும் வரி, பதின்மூன்று வயதான பெண்ணுக்கும் வரி. ஒப்பந்தக் கூலிக்குத் தொடக்கச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். 3 பவுண்டு என்பது அறுபது ஷில்லிங். எத்தனை மாதச் சம்பளம் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அப்பா, அம்மா, பதின்மூன்று வயது அக்கா உள்ள வீட்டுக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள். 1913-இல் ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் ஏன் வேலையைப் போட்டுவிட்டு நடந்தார்கள் என்பதற்கு அதன் பிறகு நான் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. கேட்கிற பிள்ளைகளில் பாதிப்பேரின் கொள்ளுத்தாத்தாவோ அவருடைய அப்பாவோ அந்த வரி கட்டியவராக இருக்கலாம்.

நம் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தில்லையாடி வள்ளியம்மை இந்த வீட்டில் வாழ்ந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிவருகிறீர்கள். அவர் ஜோகன்னஸ்பர்க் பெண். சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார். அவரை அடக்கம் செய்ததும் ஜோகன்னஸ்பர்க்கில்தான், பிராம்ஃபான்டைன் கல்லறையில். பீனிக்ஸிலிருந்து சத்தியாக்கிரகம் செய்யக் கிளம்பியது வேறொரு குழு: 1913 செப்டம்பரில் பதினாறு பேர், அதில் கஸ்தூரிபா ஒருவர். ரயிலிலிருந்து காந்தியை இறக்கிவிட்ட நிலையமும் இங்கே இல்லை. அது பீட்டர்மாரிட்ஸ்பர்க், 1893. ஆசிரியர் தப்பாகச் சொன்னதைப் பிள்ளைகள் முன்னால் நான் திருத்தினால் அவருக்குச் சங்கடம், திருத்தாமல் விட்டால் எனக்குச் சங்கடம். ஒரு மாலை உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள்.

எப்போது வருவது? நாலாம் கிரேடு சமூக அறிவியலில் இரண்டாம் பருவத்துப் பாடமே மண்டேலா, காந்தி என்ற இரு தலைவர்களின் வாழ்க்கைதான். அந்தப் பருவத்தில் மே மாதம் வெயிலும் குறைவு, மழையும் குறைவு, வேறு பள்ளிகளின் நெரிசலும் இருக்காது. பாடம் மே மாதத்தில் நடக்கிறது, பயணம் செப்டம்பரில் நடக்கிறது என்றால் பிள்ளைகள் பாடத்தை மறந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். நவம்பர் 16-ஐ ஒட்டி, 1860-இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பலான 'ட்ரூரோ' வந்த நாளுக்காக வருகிறவர்கள், காலை எட்டரைக்கே வந்துவிடுங்கள். அந்த மாதத்து உச்சிவெயிலில் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தக்கூடாது.

கூட்டம் நாற்பதைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். நாற்பதை மூன்றாகப் பிரித்து, ஒரு குழு வீட்டுக்குள், ஒரு குழு அச்சுக்கூடம் இருந்த இடத்தில், ஒரு குழு வெளியே மரத்தடியில் என்று சுற்றி வரட்டும். ஒவ்வொரு குழுவோடும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஆசிரியர் போதாவிட்டால் அம்மா அப்பாக்களைக் கூப்பிடுங்கள், பாட்டிகள் வந்தால் இன்னும் நல்லது. ஓர் ஆசிரியர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பதை இனிமேல் நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், இறக்கிவிடுவேன். பொறுப்பாசிரியர் ஒருவர் ஒரு வாரம் முன்னதாக நேரில் போய்ப் பார்க்க வேண்டும்: கழிப்பறை எங்கே, பஸ் எங்கே திரும்பும், மழை வந்தால் பிள்ளைகள் எங்கே ஒதுங்குவது, கதவு திறப்பவர் யார். முந்தின நாள் மாலை தொலைபேசியில் இன்னொருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் பிள்ளைகளோடு நிற்பது கொடுமை.

டிரைவரிடம் "பீனிக்ஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் நேராக பீனிக்ஸ் டவுன்ஷிப்புக்குப் போய்விடுவார். அது 1970-களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய ஊர். காந்தியின் குடியிருப்பு இனாண்டாவில், பம்பாயி பகுதியில் இருக்கிறது. வழிகாட்டியை அமர்த்தும்போது பதிவு பேட்ஜ் காட்டச் சொல்லுங்கள். மாகாணப் பதிவாளரிடம் பதியாமல் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுவது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். என்னிடமும் கேளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பம்பாயி என்றதும் பெற்றோர் தயங்குவது எனக்குத் தெரியும். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாத பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அந்த ஜூலையில் பீனிக்ஸிலும் சுற்றுப்புறத்திலும் போன உயிர்களை இந்தியர், ஆப்பிரிக்கர் இரண்டு பக்கத்திலும் யாரும் மறக்கவில்லை. பயப்படுகிற அம்மாவை அதட்டாதீர்கள். பள்ளிக்கு அழைத்து, எந்த வழியாகப் போகிறோம், யார் கூட வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே கூட வரச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், 1985-ஐப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பது. "அவங்க வந்து எரிச்சிட்டாங்க" என்று பஸ்ஸிலேயே ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஆகஸ்ட் முதல் தேதி உம்லாசியில் விக்டோரியா எம்க்சென்கே என்ற மனித உரிமை வழக்கறிஞரை அவர் வீட்டு வாசலிலேயே கொன்றார்கள். டர்பன் சுற்றுவட்டாரமே கொந்தளித்தது. இனாண்டாவில் தலைமுறைகளாக இருந்த இந்தியக் குடும்பங்கள் வீடு வாசலை விட்டு ஓடின. இந்தப் பக்கம் இன்னார், அந்தப் பக்கம் இன்னார் என்று மனிதர்களைப் பிரித்து வைத்தது நிறவெறி அரசாங்கம். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் புரியும். "அவங்க" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் அதுவும் நன்றாகப் புரியும், அதுதான் என் பயம்.

ஆகவே கடற்கரையை விட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் ஓஹ்லாங்கேக்குப் போங்கள், பக்கத்தில்தான். ஜான் டூபே தொடங்கிய பள்ளி அது. அவருடைய சூலு மொழிப் பத்திரிகை 'இலாங்கா'வும் 1903-இல்தான் வந்தது. 1912-இல் தொடங்கி, பிறகு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் (ஏ.என்.சி.) ஆன இயக்கத்துக்கு முதல் தலைவரும் அவரே. 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா தன் வாழ்நாளின் முதல் ஓட்டைப் போட அந்தப் பள்ளியைத்தான் தேர்ந்தெடுத்தார். இரண்டு பத்திரிகை, ஒரே வருஷம், அடுத்தடுத்த குன்றுகள். இதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு இனாண்டா என்றால் பயப்படும் இடம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சாது.

போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து அங்கே குடியிருப்பவர்களின் வீடுகளைப் படம் எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் அம்மா யாருக்கும் காட்சிப்பொருள் அல்ல. இறங்கினால் சூலு மொழியில் "சனிபோனா" என்று வணக்கம் சொல்லப் பழக்குங்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்துப் பள்ளிகளுக்கும் இதையேதான் சொல்வேன். சொவேட்டோவில் விலாகாசி தெரு 8115, மண்டேலா 1946-இலிருந்து வாழ்ந்த அந்தச் செங்கல் வீடு இன்னும் சின்னது. அங்கும் முன்பதிவு செய்து, சிறு குழுவாகத்தான் போக வேண்டும்.

திரும்பி வந்த மறுநாளே வகுப்பில் அரைமணி ஒதுக்குங்கள். பரீட்சை வேண்டாம். ஞாபகத்திலிருந்து அந்த வீட்டை வரையச் சொல்லுங்கள், கதவு எந்தப் பக்கம், அச்சுக்கூடம் எந்தப் பக்கம் என்று. அப்புறம் தங்கள் பாட்டி வளர்ந்த வீட்டைப் பற்றிக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நிறவெறி அரசு இந்தியர்களைக் குடியேற்றிய சாட்ஸ்வொர்த்துக்கு வருமுன் எங்கே இருந்தார்கள், ஏன் கிளம்பினார்கள் என்று பல பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்பார்கள்.

மே மாதத் தேதிகளை ஜனவரியில் பள்ளி திறந்ததுமே கேட்டு வாங்கிவிடுங்கள். நாற்பது பேர், இரண்டரை மணி நேரம். அதற்குக் குறைந்த நேரத்துக்கு இனி நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.