எமான்சிபேஷன்: கையை விட்டால் கைவிட்டதாகுமா?

மூதூரிலிருந்து உயர்தரம் படிக்கத் திருகோணமலை டவுனுக்கு வந்து போடிங்கில் நிற்கும் என் மருமகனுக்குப் பதினேழு வயது. ஏதோ அமெரிக்கத் தொடர் பார்த்திருக்கிறான். "மாமா, எமான்சிபேஷன் எண்டால் என்ன? நானும் அம்மா அப்பாவிட்ட இருந்து சட்டப்படி பிரிஞ்சு இருக்கலாமோ?" என்றான். போடிங் காசு யார் அனுப்புகிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டான். ஆனால் சொல் விளக்கத்துக்கு உரிய சொல்தான்.

லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை, 'காபெரே' என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்து பிறந்த 'மன்சிபியம்' கையால் பிடித்து உரிமையாக்கிக்கொண்டதைக் குறிக்கும். அடிமைக்கும் அதே பெயர்தான். முன்னால் ஓர் 'எ' சேர்த்தால் அந்தப் பிடியிலிருந்து வெளியே விடுவது.

பழைய ரோமில் மகனுக்கு நாற்பது வயதானாலும், தகப்பன் உயிரோடு இருக்கும்வரை தகப்பனின் ஆளுகைதான். சொந்தமாகச் சொத்து வைத்திருக்கவும் ஏலாது. ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டத்தில் ஒரு விதி: தகப்பன் மகனை மூன்று தரம் விற்றால், மகன் தகப்பனிடமிருந்து விடுபட்டவன். பெற்ற பிள்ளையைத் திரும்பத் திரும்ப விற்கும் தகப்பனுக்குப் போட்ட கடிவாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிறகு இதையே வழியாக்கிக்கொண்டார்கள்: நம்பிக்கையான ஒருவருக்குப் பேருக்கு மூன்று தரம் விற்று மகனை விடுவிப்பது. அந்தச் சடங்குதான் எமான்சிபேஷன்.

இதற்கும் திருகோணமலைக்கும் தொடர்பு உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது நாம் நுழைகிற கோட்டை 1795 வரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர்கள் போனார்கள், அவர்களுடைய உரோம டச்சுச் சட்டம் போகவில்லை. தனிச்சட்டம் எதுவும் பேசாத இடத்தில் இன்றும் நீதிமன்றம் அதைத்தான் பார்க்கும். அந்தச் சட்டப்படி ஒல்லாந்தில் பராயமடையும் வயது, அதாவது சட்டம் ஒருவரைப் பெரியவராக ஏற்கும் வயது, 25. கலியாணம் முடித்தாலோ, பெற்றோர் சம்மதத்தோடு தனியே குடியிருந்து சொந்தத் தொழில் செய்தாலோ, அதற்கு முன்னரே பிள்ளை விடுபட்டதாகக் கொண்டார்கள். இலங்கையில் 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பராய வயதை 21 ஆக்கியது. 1989இல் அது 18 ஆனது.

அமெரிக்கக் கதை வேறு. கலிபோர்னியாவில் 14 வயது நிரம்பிய பிள்ளை தானே நீதிமன்றத்தில் மனுப்போடலாம். ஆனால் பெற்றோர் அறிய, அவர்கள் தடுக்காமல், ஏற்கெனவே தனியே வாழ்ந்து, நேர்வழியில் சம்பாதித்து, தன் கணக்கு வழக்கைத் தானே பார்ப்பவராக இருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு வெளிக்கிட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. நம் நாட்டில் பிள்ளையே மனுப்போட்டு விடுதலை வாங்க அப்படியொரு தனிச்சட்டம் கிடையாது.

அப்போ போடிங்? அதில் பிழையில்லை. பெற்றோர் சம்மதித்து அனுப்பியிருக்கிறார்கள், பொறுப்பு இன்னும் அவர்களுடையதே. வீட்டில் அடி, கொடுமை என்றால் அது பராயக் கேள்வியே அல்ல. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டிய விஷயம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதிகள் 'விடுதலை', 'தளைநீக்கம்' என்கின்றன. அடிமை ஒழிப்புக்கு அவை பொருந்தும். வீட்டுக்குப் பொருந்தாது, தாய் தகப்பன் தளையல்ல. 'பராயமடைதல்' நம் சட்டத்தமிழில் பழகிய நல்ல சொல்தான், சிறுபராயம் என்று பேச்சிலும் சொல்கிறோம். ஆனால் அது வயது வந்தால் தானாக நடப்பது; இன்றைய எமான்சிபேஷன் வயதுக்கு முந்தியே நடப்பது. லத்தீன் வேரை அப்படியே பிடித்தால் 'கைவிடுதல்' வரும். அங்கேதான் சிக்கல். தமிழில் கைவிட்ட பிள்ளை என்றால் நாதியற்ற பிள்ளை. ஒரே கை, ஒரே விடுதல், பொருள் மட்டும் நேரெதிர்.

என் தெரிவு 'தற்பொறுப்பு'. யார் விட்டார்கள் என்பதைவிட யார் ஏற்றார்கள் என்பதை அது சொல்கிறது. மருமகனிடம் சொன்னேன். "அப்ப போடிங் காசும் நானோ குடுக்கோணும்?" என்றான். ஓம், அந்தச் சொல்லுக்குள் அதுவும் இருக்கிறது.